ஐந்தாவது கேள்வி

அரூர் பஸ் நிலையத்தில் விடியற்காலை ஐந்தரை மணிக்கு நின்று பார்த்திருக்கிறீர்களா? பார்த்திராவிட்டால் ஒரு முறை போய்ப் பாருங்கள். ஒசூருக்கும் பெங்களூருக்கும் திருப்பூருக்கும் புறப்படுகிற ஜனங்களில் பாதிப் பேர் இருபத்தைந்து வயதைத் தாண்டாதவர்களாயிருப்பார்கள். தோளில் ஒரு பை, கையில் வீட்டார் கட்டிக் கொடுத்த பொட்டலம், கண்களில் பாதித் தூக்கம். மழை பொய்த்துவிட்டால் இந்தத் தாலூகாவில் மரவள்ளியும் மஞ்சளும் எல்லா வீட்டுக்கும் சோறு போடா. ஆகையால் பிள்ளைகள் பஸ் ஏறுகிறார்கள். இதில் அதிசயம் ஒன்றுமில்லை.

2023-ஆம் வருஷம், புரட்டாசி பிறந்த சமயம். அப்படிக் காத்திருந்தவர்களில் என்னுடைய பழைய மாணவன் ஒருவனைக் கண்டேன். கணக்கில் சுமார், ஆனால் எந்தக் காரியத்திற்கும் முதலில் எழுந்து நிற்கிற பையன்.

"எங்கேயப்பா பிரயாணம்?" என்று கேட்டேன்.

"வேலைக்கு, ஸார். தீபாவளி வரைக்கும் ஒரு ஜவுளிக் கிடங்கிலே மூட்டை ஏற்றி இறக்குகிற வேலை" என்றான்.

உபாத்தியாயர் என்றால் கேள்வி கேட்காமல் இருக்க முடியுமா? நான்கு கேள்விகள் கேட்டேன். கூலி எவ்வளவு? சாப்பாடு யார் போடுகிறார்கள்? படுக்க இடம் உண்டா? தீபாவளிக்கு ஊருக்கு விடுவார்களா? நான்குக்கும் திருப்தியான விடை கிடைத்தது. "சரி, பத்திரமாகப் போய் வா" என்று சொல்லிவிட்டு வீடு திரும்பினேன். "பத்திரமாக" என்கிற வார்த்தையை நாம் எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிடுகிறோம் என்பது அன்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று வாரங்களுக்குள் தோன்றிற்று.

*

அவ்வருஷம் அக்டோபர் மாதம் 7-ஆம் தேதி சனிக்கிழமை. ஒசூரைத் தாண்டியதும் கர்நாடக எல்லைக்குள் இருக்கிற ஊர் அத்திப்பள்ளி. தீபாவளிக்கு ஒரு மாதமே இருந்தபடியால், நெடுஞ்சாலை ஓரத்துப் பட்டாசுக் கடையொன்றில் சரக்கு வந்து இறங்கிக்கொண்டிருந்தது. பிற்பகலில், வண்டியிலிருந்து பெட்டிகளை இறக்குகிற சமயத்தில் தீப்பிடித்தது. கடையும் கிடங்கும் ஒன்றாக இருந்த கட்டடம். மறுநாளைக்குள் இறந்தவர்களின் எண்ணிக்கை 14 ஆயிற்று. காயமடைந்து சிகிச்சையில் இருந்தவர்களிலும் சிலர் பின்னர் இறந்து போனார்கள்.

இறந்தவர்களில் ஏழு பேர் நம் பக்கத்து அம்மாபேட்டையைச் சேர்ந்த இளைஞர்கள். ஒரே ஊர், ஏழு வீடுகள். அவர்களில் படித்துக்கொண்டிருந்தவர்களும் உண்டு. பண்டிகைக் காலத்தில் சில வாரங்கள் உழைத்தால் படிப்புச் செலவுக்கும் வீட்டுக்கும் ஆகும் என்று போனவர்கள். தீபாவளிப் பலகாரத்துக்கு அரிசி ஊறப்போட வேண்டிய வீடுகளில் என்ன நடந்தது என்பதை நான் இங்கே வர்ணிக்கப் போவதில்லை. அந்த வாரம் அரூரில் இருந்தவர்களுக்கு வர்ணனை வேண்டியதில்லை.

அதற்குச் சரியாகப் பத்து வாரங்களுக்கு முன்னால், ஜூலை 29-ஆம் தேதி, கிருஷ்ணகிரி பழையபேட்டையில் ஒரு பட்டாசுக் கிடங்கு வெடித்து 9 பேர் மாண்டிருந்தார்கள். நம் மாவட்டத்துக்கு அடுத்த மாவட்டம். அப்போதும் "ஐயோ பாவம்" என்றோம். அப்புறம் மறந்தோம்.

அத்திப்பள்ளிக் கடையில் அனுமதித்த அளவுக்கு மேல் சரக்கு இருந்தது என்றும், தப்பி வெளியேறப் பின்பக்கம் வழி இல்லை என்றும் அப்போது பத்திரிகைகள் எழுதின. இந்த இரண்டாவது விஷயந்தான் என்னை உறங்கவிடவில்லை. அன்று இரவே என்னுடைய மாணவனுக்குப் போன் செய்தேன்.

"ஏண்டா தம்பி, நீ வேலை செய்கிற இடத்தில் வெளியே வருவதற்கு எத்தனை வழி?"

அவன் சிரித்தான். "ஒரே வழிதான், ஸார். அதிலேயும் பாதி வழியிலே மூட்டை அடுக்கியிருக்கு" என்றான்.

பஸ் நிலையத்தில் நான் கேட்டிருக்க வேண்டிய ஐந்தாவது கேள்வி அதுதான்.

*

தீ விபத்து என்றதும் நம் மனக் கண்ணில் ஜ்வாலை தெரிகிறது. உண்மையில் கட்டடத்துக்குள் சிக்கிக்கொண்டு சாகிறவர்களில் பலரைக் கொல்வது ஜ்வாலை அல்ல, புகை. துணியும் ரப்பரும் பிளாஸ்டிக்கும் எரியும்போது கிளம்புகிற புகையில் கார்பன் மோனாக்ஸைடு என்கிற வாயு இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. சில தடவை மூச்சு இழுத்ததுமே தலை சுற்றும், கால் தள்ளாடும், பழகின கதவுகூடக் கைக்கு அகப்படாது. புகை முதலில் மேலே எழும்பிக் கூரையை நிரப்பிக்கொண்டு கீழே இறங்குகிறது. ஆகையால்தான் குனிந்தும் தவழ்ந்தும் வெளியேற வேண்டும் என்கிறார்கள். ஆனால் எந்தப் பக்கம் தவழ்வது என்று முன்னாலேயே தெரிந்திருந்தால் அல்லவா தவழலாம்?

நூறு வருஷங்களுக்கு மேற்பட்ட ஒரு கதை இருக்கிறது. 1911-ஆம் வருஷம் மார்ச் மாதம் 25-ஆம் தேதி. அதுவும் ஒரு சனிக்கிழமை. நியூயார்க் நகரத்தில் டிரையாங்கிள் என்கிற சட்டை தைக்கும் தொழிற்சாலை, பத்து மாடிக் கட்டடம் ஒன்றின் மேல் மூன்று மாடிகளில் நடந்து வந்தது. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பிழைப்புக்காக வேறு தேசங்களிலிருந்து கப்பலேறி வந்த இளம் பெண்கள். வேலை முடிகிற சமயம் எட்டாவது மாடியில் துண்டுத் துணிக் குவியலில் நெருப்புப் பிடித்தது. எட்டாவது மாடியிலிருந்து பத்தாவது மாடிக்கு டெலிபோனில் செய்தி போயிற்று. அங்கே இருந்தவர்கள் மொட்டை மாடிக்கு ஏறித் தப்பினார்கள். அங்கேதான் முதலாளிகள் இருந்தார்கள். நடுவிலே இருந்த ஒன்பதாவது மாடிக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. நெருப்பே நேரில் வந்துதான் தன்னை அறிவித்துக்கொண்டது. அந்த மாடியிலிருந்த இரண்டு படிக்கட்டுகளில் ஒன்றின் கதவு பூட்டியிருந்தது. தீயணைப்புப் படை உடனே வந்தது. ஆனால் அவர்களுடைய ஏணி ஆறாவது மாடிக்குமேல் எட்டவில்லை. மொத்தம் 146 பேர் மாண்டார்கள்.

எட்டாவது மாடிக்குத் தெரிந்தது. பத்தாவது மாடிக்கும் தெரிந்தது. ஒன்பதாவது மாடிக்கு மட்டும் தெரியவில்லை. ஒவ்வொரு வேலைத்தலத்திலும் இப்படி ஒரு ஒன்பதாவது மாடி உண்டு. முதலாளிக்கு வழி தெரியும். பழைய கணக்குப்பிள்ளைக்கும் தெரியும். போன திங்கட்கிழமை வந்து சேர்ந்த பையனுக்குத் தெரியாது. மெயின் சுவிட்சு எங்கே, பின் கதவுச் சாவி எங்கே, எந்தப் பெட்டியை உருட்டக்கூடாது என்று அவனுக்கு யாரும் சொல்லியிருப்பதில்லை. "தீபாவளி முடிந்ததும் போகிறவன்தானே" என்கிற அலட்சியம். ஆபத்து அவனைப் பார்த்து "நீ நிரந்தர ஆளா, தற்காலிக ஆளா?" என்று கேட்டுவிட்டா வருகிறது?

*

சட்டம் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். சட்டத்துக்குக் குறைவே இருந்ததில்லை. நமது தேசம் சுதந்திரம் பெற்ற மறு வருஷமே, 1948-இல், தொழிற்சாலைகள் சட்டம் இயற்றினார்கள். உள்ளே ஆள் இருக்கும்போது வெளிவழிக் கதவு உள்ளிருந்து உடனே திறக்க முடியாதபடி பூட்டப்படலாகாது என்றும், கதவுகள் வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்றும், வெடிப் பொருளோ எளிதில் தீப்பற்றும் பொருளோ இருக்கும் இடத்தில் தப்பும் வழி எல்லாத் தொழிலாளருக்கும் பழக்கப்பட்டிருக்க வேண்டும் என்றும் அதில் எழுதி வைத்தார்கள். பட்டாசுக் கடைகளுக்கு 2008-ஆம் வருஷத்து வெடிபொருள் விதிகள் தனியாக இருக்கின்றன. நுழைவழி ஒன்று, ஆபத்துக் காலத்தில் வெளியேறும் வழி ஒன்று என்பதை அவையும் சொல்கின்றன.

பள்ளிக்கூடமும் ஒரு வேலைத்தலந்தான். 2004-ஆம் வருஷம் ஜூலை 16-ஆம் தேதி கும்பகோணத்தில் பள்ளிக்கூடத்துச் சமையற்கட்டிலிருந்து கீற்றுக் கூரைக்குத் தாவிய தீயில் 94 குழந்தைகள் போனதை எந்த உபாத்தியாயரால் மறக்க முடியும்? அதன் பிறகு பள்ளிகளில் கீற்றுக் கூரையை அகற்றச் சர்க்கார் உத்தரவிட்டார்கள். அதையொட்டிய வழக்கில் 2009-ஆம் வருஷம் உச்ச நீதிமன்றம், பள்ளிகளில் தீயணைக்கும் சாதனங்கள் இருக்க வேண்டும், ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிக்க வேண்டும் என்று கட்டளையிட்டது.

அந்தக் கட்டளையின் கதி என் சொந்த அநுபவத்தில் எப்படி இருந்தது என்று சொல்கிறேன். நான் வேலை பார்த்த ஒரு பள்ளிக்கூடத்தில் "அவசர காலத் திட்டம்" என்று அழகாக அச்சடித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, தலைமை ஆசிரியர் அறையில் மாட்டியிருந்தோம். வருகிற அதிகாரிகள் எல்லோரும் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டார்கள். ஒரு நாள் ஒத்திகை செய்து பார்த்துவிடலாம் என்று யாருக்கோ ஓர் அசட்டுத் துணிச்சல் பிறந்தது. நான்தான் பொறுப்பு.

மணி அடித்தது. பிள்ளைகள் சாப்பாட்டு மணி என்று நினைத்துத் தட்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு ஓடினார்கள். கூடவே இரண்டு ஆசிரியர்களும் டிபன் பாத்திரத்தைத் திறந்துவிட்டார்கள். திட்டப்படி பின் கேட் வழியாக மைதானத்துக்குப் போக வேண்டும். பின் கேட் பூட்டியிருந்தது. சாவி காவல்காரரிடம், காவல்காரர் டீக்கடையில். ஒரு வழியாகப் பிள்ளைகளை மைதானத்தில் சேர்த்து எண்ணினால் மூன்று பேர் குறைந்தது. கால் மணி நேரம் தேடி, அவர்களை விஞ்ஞான அறையில் கண்டுபிடித்தோம். "மணி கேட்கவில்லை, ஸார்" என்றார்கள். எங்கள் பள்ளிக்கூடத்தின் ஒன்பதாவது மாடி அந்த விஞ்ஞான அறை என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அன்றைக்கு எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் கண்ணாடிச் சட்டத்துக்குள் இருந்த திட்டம் பல மாதங்களில் சொல்லித் தராததை அந்த அசட்டு ஒத்திகை அரை மணியில் சொல்லித் தந்தது. அபாயத்துக்கு மணி வேண்டாம், நீண்ட விசில் ஊத வேண்டும் என்று தீர்மானித்தோம். பின் கேட்டின் பூட்டை எடுத்துவிட்டுத் தாழ்ப்பாள் போட்டோம். விஞ்ஞான அறைக்குச் சொல்ல ஒரு மாணவனை நியமித்தோம். இரண்டாவது ஒத்திகையில் பள்ளி முழுவதும் ஐந்து நிமிஷத்துக்குள் வெளியே வந்துவிட்டது.

ஒத்திகை என்பது வேடிக்கை அல்ல என்பதற்கு ஜப்பானிலிருந்து ஒரு சாட்சி. 2011-ஆம் வருஷம் மார்ச் 11-ஆம் தேதி பெரும் பூகம்பமும் ஆழிப்பேரலையும் வந்தபோது, கமாயிஷி என்கிற கடற்கரை ஊரில் மேல் வகுப்பு மாணவர்கள் தாங்களே கிளம்பி, சிறு குழந்தைகளைக் கைப்பிடித்து அழைத்துக்கொண்டு மேட்டு நிலத்துக்கு ஓடினார்கள். பல முறை பழகியிருந்த பழக்கம் அது. அவ்வூரில் ஏறக்குறைய 3,000 பள்ளிப் பிள்ளைகளில் மிகப் பெரும்பாலோர் பிழைத்தார்கள்.

*

"இதெல்லாம் பெரிய ஆலைகளுக்குச் சரி; பத்துப் பேர் வேலை செய்கிற என் கடைக்கு என்ன திட்டம் வேண்டியிருக்கிறது?" என்று அரூர்க் கடைத் தெருவில் ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. நமது ஊரில் இருப்பவை அரிசி மில், மாவு மில், ஜவுளிக் கடை, வெல்டிங் பட்டறை, கலியாண மண்டபம் ஆகியவைதாம். அவற்றுக்கு வேண்டிய திட்டத்தை ஒரு போஸ்டு கார்டில் எழுதிவிடலாம்.

வெளியேற இரண்டு வழி வேண்டும். இரண்டிலும் சரக்கு அடுக்கக்கூடாது. ஆபத்தை எல்லோருக்கும் அறிவிக்க ஒரே அடையாளம் வேண்டும். விசிலோ மணியோ, இயந்திரச் சத்தத்தையும் மீறிக் கேட்க வேண்டும். மெயினை அணைப்பது யார், தீயணைப்பு நிலையத்துக்கு 101-க்கோ, பொதுவான அவசர எண்ணாகிய 112-க்கோ போன் செய்வது யார், பின் அறையையும் கழிப்பறையையும் பார்த்துவிட்டு வருவது யார் என்று பெயர் சொல்லிக் குறித்துவிட வேண்டும். "யாராவது செய்வார்கள்" என்றால் யாரும் செய்யமாட்டார்கள். வெளியே வந்ததும் எதிரிலுள்ள வேப்ப மரத்தடியிலோ கோயில் வாசலிலோ கூடி ஆளை எண்ண வேண்டும். வெளியே வந்தவன் பணப் பெட்டிக்காகவோ போனுக்காகவோ திரும்பி உள்ளே போகக்கூடாது. கடைசியாக, இவ்வளவையும் புது ஆள் வந்த முதல் நாளே, மூட்டையில் கை வைக்கும் முன்பே, நடந்து காட்டிச் சொல்ல வேண்டும். இதற்குப் பத்து நிமிஷம் ஆகும். செலவு ஒரு விசிலின் விலை.

தீயணைப்புக் கருவியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பல கடைகளில் அந்தச் சிவப்பு உருளை இருக்கத்தான் இருக்கிறது. மூட்டைக்குப் பின்னால் இருக்கும். ஆயுத பூஜையன்று மட்டும் வெளியே எடுத்துச் சந்தனம், குங்குமம் இட்டு மாலை போடுவார்கள். பிறகு அடுத்த ஆயுத பூஜை வரையில் அதற்கு ஓய்வு. முள் பச்சைக் கோட்டில் நிற்கிறதா என்று மாதம் ஒரு முறை பார்க்க வேண்டும். ஊசியை இழுத்துவிட்டு, குழாயைத் தீயின் அடிப்பாகத்துக்கு நேராகப் பிடித்து, கைப்பிடியை அழுத்திப் பக்கவாட்டில் வீச வேண்டும். மின்சாரத் தீயிலும் கொதிக்கும் எண்ணெய்த் தீயிலும் தண்ணீர் ஊற்றலாகாது. குப்பைக் கூடை அளவுத் தீயைத்தான் நாம் அணைக்க முயலலாம். அதற்கு மேற்பட்டால் ஓட வேண்டும். பட்டாசில் பிடித்த தீயானால் ஒரு விநாடிகூட நில்லாமல் ஓட வேண்டும். சுட்ட புண்ணுக்குப் பற்பசையும் மையும் பூசாமல், இருபது நிமிஷம் குளிர்ந்த தண்ணீரை ஓடவிட்டு, 108-ஐ அழைக்க வேண்டும்.

*

"எல்லாம் விதி" என்று சொல்கிறவர்கள் நம்மிடையே உண்டு. வருமுன் காவாதவனுடைய வாழ்க்கையை நெருப்புக்கு முன் வைத்த வைக்கோற்போருக்கு ஒப்பிட்ட திருவள்ளுவர் அப்படிச் சொல்லவில்லை. அந்தக் குறளை நாங்கள் வருஷந்தோறும் பிள்ளைகளை ஒப்பிக்கச் சொல்கிறோம், மார்க்கும் போடுகிறோம். நெருப்பு எங்கே, வைக்கோற்போர் எங்கே என்று சுற்றிப் பார்க்கத்தான் கற்றுக் கொடுப்பதில்லை.

இன்னொரு தடையும் இருக்கிறது. அதை மறைப்பதில் பயனில்லை. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன், நான்கு வார வேலைக்கு வந்த இடத்தில், "முதலாளி, பின் வழி எங்கே?" என்று கேட்டால் என்ன நடக்கும்? "உனக்கு இஷ்டமில்லையென்றால் ஊருக்குப் போ; பத்துப் பேர் காத்திருக்கிறார்கள்" என்று விடை வரலாம். ஆகையால் பொறுப்பை அவன் தலையில் கட்டுவது அநியாயம். வழி வைக்க வேண்டியவர் முதலாளி. வைத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டியவர்கள் அதிகாரிகள். ஆனால் தனி ஒருவன் கேட்க முடியாத கேள்வியை ஓர் ஊரே சேர்ந்து கேட்கலாம். ஆள் சேர்க்க வருகிற மேஸ்திரியிடம் தகப்பனார் கேட்கட்டும், தாயார் கேட்கட்டும், உபாத்தியாயர் கேட்கட்டும். கூலியைப் பற்றி எவ்வளவு கூச்சமில்லாமல் கேட்கிறோமோ அவ்வளவு கூச்சமில்லாமல் வழியைப் பற்றியும் கேட்போமானால், மேஸ்திரி விடை தயார் செய்துகொண்டுதான் வருவான்.

என் மாணவன் என்ன செய்தான் என்று சொல்லவில்லையே! மறுநாள் காலையில் அவனும் கூட இருந்த நான்கு பையன்களும் யாரையும் கேட்காமல், வழியில் கிடந்த மூட்டைகளை எடுத்துச் சுவரோரம் அடுக்கினார்களாம். பின்பக்கத்தில் ஒரு கதவு இருந்ததும், அதன்மேல் பழைய அலமாரி ஒன்று சாய்த்து வைக்கப்பட்டிருந்ததும் அப்போதுதான் தெரிந்ததாம். அலமாரியை நகர்த்தித் துருப்பிடித்த தாழ்ப்பாளுக்கு எண்ணெய் போட்டுத் திறந்தார்கள். முதலாளி வந்து பார்த்தார். "காற்று நன்றாக வருகிறதே!" என்றாராம். அதோடு சரி.

அந்தக் கதவு ஆபத்துக்கு உபயோகப்படவில்லை, உபயோகப்படவே வேண்டாம். பையன் தீபாவளிக்கு முதல் நாள் ஊருக்கு வந்தான். தங்கைக்குப் பாவாடைத் துணி வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அம்மாபேட்டையில் ஏழு வீடுகளில் அவ்வருஷம் தீபாவளி இல்லை.

இப்போதும் நான் காலை வேளைகளில் பஸ் நிலையத்துப் பக்கம் போவதுண்டு. பழைய மாணவர்கள் பையும் கையுமாக நிற்பார்கள். கூலி, சாப்பாடு, படுக்கை, விடுமுறை ஆகிய நான்கு கேள்விகளையும் கேட்பேன். ஐந்தாவதையும் கேட்கிறேன். தெரியாது என்று சொன்னால், "போய்ச் சேர்ந்ததும் பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்" என்கிறேன். பாதிப் பேர் செய்கிறார்கள். செய்யாத பாதிப் பேருக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் நானே போன் செய்கிறேன்.